கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடை

இந்தக் குடையைத்தானே பார்க்கிறீர்கள், தம்பி? பாருங்கள், தவறில்லை. திருத்துறைப்பூண்டியில் பேருந்து ஏறி நீங்கள் என் பக்கத்தில் வந்து அமர்ந்ததிலிருந்து மூன்று முறை பார்த்துவிட்டீர்கள். மாசி மாத வெயில் இப்படிக் காய்கிறது. ஒரு கிழவன் துணிப்பையைக் காலடியில் போட்டுவிட்டு, குடையை மட்டும் மடியில் குழந்தையைப் போலக் கிடத்திக்கொண்டு வருகிறானே என்றுதானே? இது என் குடை அன்று. எனக்கென்று ஒரு குடை இருந்ததே இல்லை. இது என் சம்பந்தியின் குடை. பக்கிரிசாமி என்று பெயர். வேதாரண்யத்தில் இருக்கிறார், அகத்தியம்பள்ளிப் பக்கம் உப்பளம் வைத்து நடத்துகிறார். அவரிடம் இதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் வேதாரண்யம்தானா? நல்லது. அப்படியானால் சொல்வதற்கு நேரம் இருக்கிறது.

என் பெயர் செல்லமுத்து. ஊர் முசிறி. தாலுகா அலுவலகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என்ன பணி என்று கேட்டால் அலுவலக உதவியாளர் என்றுதான் ஏட்டில் இருக்கும். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் கிளை நூலகத்தில் நான் தொடாத அலமாரி கிடையாது. என் பேச்சைக் கேட்டுவிட்டு, தமிழாசிரியராக இருந்தீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் கேட்கவில்லை, பரவாயில்லை.

அலுவலகத்தின் பின்புறம், கம்பிவேலிக்குள் ஒரு மழைமானி உண்டு. காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, உள்ளே சேர்ந்திருக்கும் நீரை அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை, நான் வந்தேன். தீபாவளி, பொங்கல், என் திருமண நாள், எதற்கும் விடுப்பு எடுத்ததில்லை. மறுநாள் செய்தித்தாளில், மாவட்ட மழை அளவில், முசிறி 38 என்று அச்சாகி வரும். அந்த முப்பத்தெட்டு என்னுடையது, தம்பி. எத்தனையோ எழுத்தாளர்கள் தங்கள் பெயர் அச்சில் வரக் காத்திருப்பார்கள். நான் எண்ணாகவே இருபத்தொன்பது ஆண்டுகள் அச்சில் வந்தவன்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். மறைக்க வேண்டியதில்லை. தாசில்தார்களுக்குக் குடை பிடித்திருக்கிறேன். பதினொரு பேர். ஜீப்பிலிருந்து வாசல்வரை. அவர்கள் நனைய மாட்டார்கள். என் வலத்தோள் நனைந்துவிடும். ஓய்வு பெற்ற அன்று மாலையைக் கழற்றி வைத்த கையோடு ஒரு முடிவு எடுத்தேன்: இனி இந்தக் கையில் குடை ஏறாது. மழைக்கு ஒதுங்கி நின்றாலும் நிற்பேன், குடை பிடிக்க மாட்டேன். அதைச் சிலர் வீம்பு என்பார்கள். கொள்கை என்பது என் கருத்து.

என் மகன் இளம்பரிதி பொறியாளன். மலேசியாவில், தைப்பிங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பக்கிரிசாமியின் ஒரே மகள் பவானிதான் என் மருமகள். சென்ற ஆண்டு ஆவணியில் அங்கே பேரன் பிறந்தான். செங்கதிர் என்று பெயர், நான் தேர்ந்தெடுத்ததுதான். சம்பந்தியம்மா பிரசவத்துக்கே போய் அங்கே தங்கியிருந்தார். என் மனைவி இல்லை; காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆகையால் ஐப்பசியில் நானும் பக்கிரிசாமியும், இரண்டு தாத்தாக்கள் மட்டும், குழந்தையைப் பார்க்கப் புறப்பட்டோம்.

நான் ஆண் வீடு, பெண் வீடு என்று பாகுபாடு பார்ப்பவன் அல்லன். இதைப் பலமுறை மேடையிலேயே பேசியிருக்கிறேன். விமானத்தில் சன்னல் ஓரம் அவருக்குத்தான் விழுந்திருந்தது. "நீங்க உக்காருங்க சம்பந்தி, வெளிய பாக்கலாம்" என்று எழுந்துவிட்டார். நான் கேட்கவில்லை. அமர்ந்துகொண்டேன். அவ்வளவுதான்.

அப்போதே இந்தக் குடை அவர் கையில் இருந்தது. பாருங்கள், மூங்கில் கைப்பிடி, நீளக் கம்பி, மடக்கவே முடியாது. திருச்சி விமான நிலையத்தில் ஒவ்வொரு வாசலிலும் அதை வாங்கிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"சம்பந்தி, மலேசியாவில் குடை விற்க மாட்டார்களா?" என்றேன்.

"இருக்கட்டும் சம்பந்தி. பழகுன குடை."

இந்த 'இருக்கட்டும்' என்பதுதான் அவருடைய மொழி. எதைச் சொன்னாலும் இருக்கட்டும். மறுக்கிறாரா, ஒப்புகிறாரா என்று அதில் தெரியாது. அறுபத்து நான்கு வயது மனிதர். என்னைவிட நான்கு வயது இளையவர். அவர் என்னை மறுத்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அது அவருடைய பண்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்ணைக் கொடுத்தவர் என்பதால் அடக்கி வாசிக்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

தைப்பிங் என்பது மலையடிவார ஊர். அந்த நாட்டிலேயே மழை அதிகம் பெய்யும் ஊர் அதுதான் என்று இளம்பரிதி சொன்னான். "இங்க எப்ப பெய்யும்னே சொல்ல முடியாதுப்பா. வெயில் அடிச்சிக்கிட்டே இருக்கும், அப்படியே கொட்டும்" என்றான். நான் சிரித்தேன். எல்லா மழைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்றேன்.

பவானியிடம் காலியான பால்மாவு டப்பா ஒன்று வாங்கினேன். அதைப் பால்கனியில் வைத்தேன். தினமும் எட்டரைக்கு அதற்குள் அளவுகோலை விட்டுப் பார்ப்பேன். எனக்குப் பிறகு மழைமானிக்கு வந்த பையனுக்கு, முசிறியில் எட்டரை ஆனதும், தொலைபேசியில் சொல்வேன்: "தைப்பிங், நாற்பத்தொன்று." அவனும், "முசிறி இல்லைங்கையா" என்பான். இரண்டு நாட்டு மழையையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருப்பதைப் போல இருக்கும்.

"மாமா, அந்த டப்பாவக் கொஞ்சம் நகத்திட்டுத் துணி காயப் போட்டுக்கட்டுமா?" என்று பவானி கேட்டாள்.

"நகர்த்தினால் அளவு பிழையாகிவிடும், அம்மா" என்றேன்.

"மாமா பேசுனா நியூஸ் வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்று உள்ளே போய்த் தன் தாயிடம் சொல்லிச் சிரித்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள். துணியைக் குளியலறையில் காயப் போட்டுக்கொண்டார்கள்.

முதல் நாள் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு மழை. இரண்டாம் நாள் சரியாக நான்கு. மூன்றாம் நாள் நான்கு இருபது. நான்காம் நாளும் அப்படியே. நான் சட்டம் எழுதிவிட்டேன்: இங்கே மழை அலுவலகம் போய் வரும் மழை, நான்குக்கு முன் வராது. பக்கிரிசாமி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மலையைப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார்.

ஐந்தாம் நாள். மதியம் சாப்பிட்டு எழுந்தோம். பெண்கள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏரிப் பூங்கா வரை நடந்துவிட்டு வரலாம் என்று அழைத்தேன். ஆம், நான்தான் அழைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவானி இந்தக் குடையை வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டி வைத்திருந்தாள். அவர் கதவைத் திறந்தவுடன் கை தானாகக் குடைக்குப் போயிற்று. அப்போது இன்னொன்றும் செய்தார். தோளில் கிடந்த துண்டின் முனையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார். ஜவுளிக்கடையில் துணி பார்ப்பதைப் போல.

"துண்டு கனக்குது சம்பந்தி" என்றார்.

"வியர்வை" என்றேன்.

"இருக்கட்டும். குடை கையில இருக்கட்டும்."

வானத்தைக் காட்டினேன். கழுவித் துடைத்த தட்டைப் போல இருந்தது. மலை உச்சியில் மட்டும் ஒரு வெள்ளைத் துணுக்கு. "இருபத்தொன்பது ஆண்டுகள் மழை அளந்தவன் சொல்கிறேன், சம்பந்தி. நான்கு மணிக்கு முன் ஒரு துளி விழாது. அதுமட்டுமன்று, இந்த நீளக் குடையோடு நீங்கள் என் பக்கத்தில் நடந்தால், நான் ஏதோ தாசில்தார் என்றும், நீங்கள் எனக்குக் குடை பிடிக்க வந்தவர் என்றும் ஊரார் நினைப்பார்கள்."

வேடிக்கையாகத்தான் சொன்னேன், தம்பி. நான் வேடிக்கை பேசுவது அபூர்வம். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே குடையைக் கொக்கியில் மாட்டினார். மாட்டிவிட்டு, ஆடாமல் இருக்க ஒரு கையால் அதை நிறுத்தினார். எனக்கு அதுதான் கண்ணில் இருக்கிறது. ஆடிக்கொண்டிருந்த குடையை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஏரிப் பூங்கா என்றால் பெரிய ஏரி. கரை நெடுகத் தூங்குமூஞ்சி மரங்கள். நூறு ஆண்டைத் தாண்டியவை என்றார்கள். கிளைகள் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கத் தண்ணீரில் போய்க் கைநனைக்கும். அதை நான் நன்றாக வருணிப்பேன், இப்போது வேண்டாம். ஏரிக்கரையில் ஒரு தமிழம்மா தகரக் கொட்டகை போட்டு இளநீரும் பலகாரமும் விற்றுக்கொண்டிருந்தார். தேவகி என்று பெயர். அவரைக் கடந்து பத்தடி போயிருப்போம். பின்னாலிருந்து, பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் அந்த ஊர்த் தமிழில் குரல் கொடுத்தார்.

"என்னா அங்கிள், குடை இல்லாம நடக்கிறீங்க? மழ வருது லா, உள்ள வாங்க."

"அம்மா, அது கலையும் மேகம்" என்றேன்.

"இது தைப்பிங் லா அங்கிள். இங்க மழ உங்களக் கேட்டுட்டா வரும்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று பத்து. மழை நம் ஊரில் நடந்து வரும். தூரத்தில் புழுதி வாசனை வரும், காற்று வரும், பிறகு தூறல், பிறகுதான் அது. அங்கே மலை இடிந்து தலையில் விழுந்ததைப் போல விழுந்தது. இருவரும் ஓடிப்போய்க் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். பக்கிரிசாமி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் சொன்னேனே என்று ஒரு பார்வைகூட இல்லை. பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன்.

எனக்கு டப்பா நினைவு வந்தது.

சிரிக்க வேண்டாம். அன்றுவரை இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. பால்மாவு டப்பா சிறியது. நிரம்பி வழிந்துவிட்டால் எவ்வளவு பெய்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். இடையில் போய் ஒருமுறை அளந்து ஊற்றிவிட்டு மறுபடி வைத்தால் அளவு தப்பாது. இருபத்தொன்பது ஆண்டில் ஒரு நாள் அளவும் நான் தவறவிட்டவன் அல்லன்.

"புறப்படுகிறேன்" என்றேன்.

"நின்னுடுவோம் சம்பந்தி. இது லேசுல விடாது."

முதன்முறையாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வேறு சொன்னார். அதைக்கூட நான் கவனிக்கவில்லை. "பத்து நிமிட மழை இது. நீங்கள் வேண்டுமானால் நில்லுங்கள்" என்று இறங்கிவிட்டேன்.

நீங்கள் வேண்டுமானால் நில்லுங்கள். பெண்ணைப் பெற்றவரிடம், மாப்பிள்ளையின் அப்பா மழையில் இறங்கி நடந்துகொண்டு, நீங்கள் வேண்டுமானால் நில்லுங்கள் என்றால், அவர் நிற்பாரா? உங்கள் ஊரில் நிற்பார்களா, தம்பி? என் ஊரிலும் நிற்க மாட்டார்கள். அவரும் நிற்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வடிகாலுக்கு மேல் நாலைந்து கற்படிகள், பாசி பிடித்தவை. நான் எப்படியோ ஏறிவிட்டேன். நாற்பது அடி போயிருப்பேன். தேவகி அம்மாவின் குரல்தான் கேட்டது. "அங்கிள்! அவரு விழுந்துட்டாரு லா!"

திரும்பினேன். படியில் ஒரு பக்கமாகக் கிடந்தார். கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. குனிந்தேன். மழையில் கண்ணைத் திறக்க முடியாமல் இடுக்கிக்கொண்டு அவர் முதலில் என்ன சொன்னார் தெரியுமா?

"நீங்க நனையாதீங்க சம்பந்தி. உள்ள போங்க."

இடுப்பெலும்பு. அங்கே அரசு மருத்துவமனையில் நன்றாகவே பார்த்தார்கள். கம்பி வைத்துக் கட்டினார்கள். அந்த அம்மாதான் ஆம்புலன்சுக்குச் சொன்னது, இளம்பரிதியின் எண்ணை என் சட்டைப்பையிலிருந்து எடுத்து அழைத்தது, எல்லாம். நான் நனைந்துகொண்டு நின்றேன்.

செம்போடை தாண்டிவிட்டோமா? இல்லையா? கரியாப்பட்டினம்தானா? சரி.

இதுவரை சொன்னதற்காக நான் இவ்வளவு தூரம் வரவில்லை. வானம் யாருக்கும் கட்டுப்பட்டதன்று. மழையை யாரும் தவறாகக் கணிக்கலாம். பெரிய நிலையங்களே தவறாகக் கணிக்கின்றன. பாசிப்படி என் கையில் இல்லை. இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன். வேறொன்று இருக்கிறது.

மாலையில் மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றோம். பவானி குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "யாரு இந்த மழையில கூட்டிட்டுப் போனது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். வாக்கியம் தயாராகவே இருந்தது. அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான்தாம்மா. சம்பந்தி வேணாம்னுதான் சொன்னாக. நான்தான் செத்த நடந்துட்டு வருவம்னு கூட்டிட்டுப் போனேன்."

"குடை?"

"அதுவும் நான்தான் வேணாம்னுட்டேன். வெயிலு நல்லா அடிச்சிது."

"அப்பா, அறிவு இருக்கா உங்களுக்கு? சொந்த ஊரா இது? அவரு வயசுக்கு அவரையும் நனைய வச்சிருக்கீங்க! அவருக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவள் சொந்தத் தகப்பனை, என் முன்னால், என் பொருட்டு, அப்படிக் கேட்டாள். இளம்பரிதியும், "மாமா, ஒரு வார்த்த அப்பாவக் கேட்டிருக்கலாமே. மழையப் பத்தி அவருக்குத் தெரியாததா?" என்றான். சம்பந்தியம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "இவுக குடையில்லாம வாசலத் தாண்டுனதே இல்லியே" என்று மெல்லச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒருமுறைதான். பிறகு கூரையைப் பார்த்தார்.

பக்கிரிசாமியின் கண் என் மேல் இருந்தது. விடுங்கள், பேசாதீர்கள் என்பதைப் போல இருந்தது. அவர் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார், தம்பி. எலும்பு முறிந்து கிடந்தபடி மரியாதை செய்துகொண்டிருந்தார். அதை ஏற்றுக்கொண்டு நான் வாய்மூடி இருந்திருந்தாலாவது பாதிப் பாவம். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூத்தவன் ஏதேனும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன்.

"இனியாவது எச்சரிக்கையாக இருங்கள், சம்பந்தி."

இதுதான் நான் சொன்னது. நல்ல வாக்கியம். பிழையில்லாத வாக்கியம். அதற்கும் அவர், "இருக்கட்டும் சம்பந்தி, இனிமே பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை எட்டரைக்கு டப்பாவைப் பார்த்தேன். அறுபத்திரண்டு மில்லிமீட்டர். டப்பா பாதிகூட நிறையவில்லை.

ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தோம். அதற்குள் குழந்தை அவரை எத்தனை முறை பார்த்துச் சிரித்திருக்கும்! மடியில் வாங்கக் கை நீட்டுவார். "வேணாம்ப்பா, நீங்க எங்கயாவது கீழ போட்டுருவீங்க" என்பாள் பவானி. கடுமையாக இல்லை, சாதாரணமாகச் சொல்வாள். பிறகு என் மடியில் கொண்டுவந்து கிடத்துவாள். பால் மணக்கும். அவர் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து விமானத்துக்கு அழைத்துச் சென்ற அவசரத்தில் இந்தக் குடையை எல்லோரும் மறந்தார்கள். நான் மறக்கவில்லை. கதவு சாத்தும்போது கொக்கியில் பார்த்தேன். எடுத்து என் போர்வைக்குள் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் அவரிடம் உடனே கொடுக்கவில்லை என்று கேட்டால், கொடுக்கும்போது ஏதாவது பேச வேண்டியிருக்கும். மூன்று மாதம் என் பீரோவுக்குப் பின்னால் நின்றது.

ஒரு வாரத்துக்கு முன் இளம்பரிதி அழைத்தான். பங்குனியில் வருகிறார்களாம், முசிறியில் எங்கள் குலதெய்வத்துக்கு முடியிறக்கிக் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். பவானிக்கு உடன்பிறந்தவன் இல்லை. தாய்மாமன் இல்லாவிட்டால் தாயைப் பெற்ற தாத்தா மடி. அது பக்கிரிசாமியின் மடி. வேறு யாருக்கும் உரிமை இல்லை. பையன் பிறந்த அன்றே அவர் என்னிடம் தொலைபேசியில் கேட்டது அதைத்தான்: "சம்பந்தி, காதுகுத்து நம்ம மடிதானே?" அந்த ஒன்றுக்குத்தான் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டிருக்கிறேன்.

இளம்பரிதி சொல்கிறான்: "பவானி அவங்க சித்தப்பா பையன் மடியில வச்சிக்கலாங்குறா. மாமாவுக்கு இடுப்பு சரியில்ல, கவனமும் பத்தலன்னு பயப்படுறா. நீங்க என்னப்பா சொல்றீங்க?"

என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "உங்கள் விருப்பம்" என்றேன். பிறகு, அங்கே மழை எப்படி என்று கேட்டேன்.

அன்று இரவே பீரோவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்தேன். அதனால்தான் புறப்பட்டேன். சொல்ல வேண்டியதை முசிறியிலேயே உருவாக்கிவிட்டேன். கேளுங்கள்: 'சென்ற ஐப்பசியில் நிகழ்ந்த விபத்துக்கு நானும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. அதன் பொருட்டு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' எப்படி இருக்கிறது?

ஏன் சிரிக்கிறீர்கள்?

கருத இடமுண்டு என்பது வேண்டாமா? சரி, அதை எடுத்துவிடலாம். நானும் ஒரு காரணம். 'நானும்' என்பதும் வேண்டாம் என்கிறீர்கள். நீங்கள் மின்வாரியத்தில் இருப்பதாகத்தானே சொன்னீர்கள்? நல்ல பத்திரிகையாசிரியராக வந்திருப்பீர்கள்.

பாருங்கள், கண்ணாடியில் என்ன அது? தூறலா? மாசியில் இந்தப் பக்கம் மழை கிடையாது. காலையில் புறப்படும்போதுகூட, தொலைபேசியில் சம்பந்தியிடம் நான்தான் சொன்னேன், வானம் தெளிவாக இருக்கிறது, மழை வராது என்று. அவர் 'இருக்கட்டும்' என்றார். உப்புப் பாத்தியில் இப்போதுதான் உப்பு எடுக்கத் தொடங்கியிருப்பார்கள். இந்த மழை ஒரு மணி நேரம் நின்று பெய்தால் போதும், அத்தனையும் கரைந்து திரும்பத் தண்ணீர். வரப்பில் நின்று, நாளைக்கு மழை, இன்றைக்கே உப்பை வாரிவிடுங்கள் என்று சொல்லத் தெரிந்தால்தான் அங்கே பிழைக்க முடியும். அந்த மனிதர் நாற்பது ஆண்டுகள் அப்படிப் பிழைத்தவர். நான் பெய்து முடிந்ததை அளந்தவன். துண்டில் காற்றின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, கனக்குது என்று அவர் சொன்னபோது எனக்கு... வேண்டாம்.

என்ன கேட்டீர்கள்? இன்னொரு முறை சொல்லுங்கள்; பேருந்துச் சத்தத்தில் விழவில்லை.

விழுந்தது. விழவில்லை என்று சொன்னது பொய். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவரிடம் போய் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்கிறீர்கள். தெரியாதவள் மருமகள்தானே என்கிறீர்கள்.

ஆமாம்.

எட்டு மணி நேரமாக மூன்று பேருந்து மாறி வந்திருக்கிறேன். இது என் மனத்தில் வரவே இல்லை என்றால் நம்புவீர்களா? வந்தது. வந்த ஒவ்வொரு முறையும், முதலில் பெரியவரிடம் சொல்வதுதான் முறை என்று ஒதுக்கிவிட்டேன். அவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 'இருக்கட்டும் சம்பந்தி' என்பார். காபி வரும். நான் மனம் லேசாகி மறுபேருந்தில் ஏறிவிடுவேன். காது யார் மடியிலோ குத்துவார்கள்.

தோப்புத்துறை வந்துவிட்டதா? மழை வலுக்கிறது. சன்னலை இறக்கிவிடுங்கள், நனைகிறீர்கள்.

நிலையத்துக்கு வர வேண்டாம் என்று அவரிடம் தெளிவாகச் சொன்னேன். நானே ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறேன் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், சம்பந்தி வருகிறார் என்றால் அவர் வீட்டில் இருக்க மாட்டார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பெண்ணைக் கொடுத்த இடத்தில் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

அதோ.

அதோ, அந்தப் பூக்கடைக்குப் பக்கத்தில். கைத்தடி ஊன்றிக்கொண்டு, தலையில் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறார், பாருங்கள். கொட்டகைக்குள் போய் நின்றால் பேருந்து வருவது தெரியாது என்று வெளியே நிற்கிறார். நனைந்துகொண்டு நிற்கிறார். வேறு குடை வாங்கவில்லை போலிருக்கிறது. பழகின குடை... அது என் மடியில் அல்லவா இருக்கிறது.

தம்பி, ஓர் உதவி. இந்தக் கைபேசியில் எனக்கு முகம் தெரியும்படி அழைக்க வராது. பவானி என்று இருக்கும். அங்கே இப்போது ஏழு மணி, வீட்டில்தான் இருப்பாள். அழுத்துங்கள். அவர் என்னைப் பார்த்து, வாங்க சம்பந்தி, பிரயாணமெல்லாம் சௌகரியமா என்று தொடங்கிவிட்டால் என் வாய் அடைத்துவிடும். அதற்கு முன்னால் இது நடந்தாக வேண்டும். பையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் வழி விடுங்கள், அம்மா. இறங்கணும். நான் முதலில் இறங்கணும்.

கம்பி துருப்பிடித்திருக்கிறது. இல்லை, விரிந்துவிட்டது. கைபேசியை இப்படிக் கொடுங்கள். மணி போகிறதா? குடையை நீங்கள் வாங்க வேண்டாம், தம்பி. நான்தான் பிடிக்க வேண்டும். சம்பந்தி, நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள். பேசாதீங்க. கிட்ட வாங்க, தோள் நனையுது. கைய எடுங்க, குடை என்கிட்டயே இருக்கட்டும்.

பவானியா? மாமாதாம்மா. பேரனுக்கு ஒண்ணும் இல்ல, இவருக்கும் ஒண்ணும் இல்ல, பக்கத்துலதான் நிக்கிறாரு, பாரு. போன வச்சிடாத, கேளு. அன்னிக்குக் குடைய எடுத்தாரும்மா உங்கப்பா. கையில எடுத்தாரு. வேணாம், வையிங்கன்னு சொன்னது நான்தாம்மா.